யாருக்கென்று சொல்லிப் போட்ட துண்டு

தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன விசைப்படகுகள் திரும்பி வந்த முதல் நாள் மத்தியானம், புன்னைமுனை மாதா தெருவில் வீட்டுக்கு வீடு எண்ணெய் காய்ந்து, மிளகாய்த்தூளும் உப்பும் தடவி ஊறவைத்த விளமீன் துண்டுகள் அதில் இறங்கியபோது, ஒவ்வொரு துண்டும் தன்னைச் சாப்பிடப் போகிற ஆளின் குரலில் சமைக்கிறவளைப் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட்டது. கத்தவில்லை, அழவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்த்துக் கூப்பிடுவோமே, அந்த மாதிரி. இரண்டு பக்கமும் சிவக்கும்வரை கூப்பிட்டது, தட்டுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டது.

எந்தத் துண்டுக்கும் ஆள் மாறவில்லை. ஏனென்றால் எங்கள் தெருவில் மீனை எண்ணெயில் போடும்போதே யாருக்கென்று வாய்விட்டுச் சொல்லித்தான் போடுவார்கள், நடுத்துண்டு அவருக்கு, வால் சின்னவளுக்கு, தலை எனக்கு என்று, அப்படிச் சொல்லாமல் போட்டால் தட்டு வைக்கும் நேரத்தில் சண்டை வந்து ஒருத்தர் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து போவார். மீனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் எண்ணெயில் இறங்கியிருக்கிறது.

பக்கத்து வீட்டு எமரன்சி சித்தி, "வாறேன், ஏன் இப்படி ஏலம் போடுதிய" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வாசலில் யாரும் இல்லாததையும், அவள் புருஷன் செலஸ்டின் சித்தப்பா அந்த நேரத்தில் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைத்துக்கொண்டிருப்பார் என்பதையும் நினைத்துப் பார்த்து, சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஓ, நீங்கதானா" என்று கரண்டியால் திருப்பிப் போட்டாள். கடைசி வீட்டுக்காரி சட்டிக்குள்ளிருந்து மாமியார் குரல் வந்ததும் அடுப்பைக் கூட்டி வைத்தாள் என்று சொல்வார்கள், நான் பார்க்கவில்லை, ஆனால் அவள் "அத்தை, நல்லா முறுகட்டும்" என்று சொன்ன மாதிரியே என்னால் சொல்லிக்காட்ட முடியும்.

பெண்களுக்கு இது பழக ஒரு வாரம்தான் ஆனது. ஆண்களுக்குத்தான் பழகவே இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு அது கேட்டும் கேட்காத மாதிரி இருந்தது. அடுப்படிக்குக் கூட்டி வந்து நிறுத்தினால் மகன் குரலைக் கேட்டார்கள், தம்பி குரலைக் கேட்டார்கள், தன் துண்டு கூப்பிடும்போது மட்டும் இது யார் வீட்டு ஆள் என்று முழித்தார்கள். வாட்ஸாப்பில் தானே அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் திரும்பப் போட்டுக் கேட்டு, எவம்லே இவன் மூக்கால பேசுதான் என்கிறவர்கள் சட்டிக்குள் கேட்கும் தன் குரலை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

அதனால் அவர்கள் சுலபமான வழியைப் பிடித்தார்கள். தெருவில் எல்லார் குரலிலும் பேசுகிற பிள்ளை ஒன்று இருக்கிறதே, அதுதான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று இதைச் செய்கிறது என்றார்கள்.

அது நான்தான். ரெமிலா, பதினொன்றாம் வகுப்பு, விசைப்படகு டிரைவர் லிகோரி மகள். மீன் ஏலம் கூறுகிறவர் குரலில் தெருவுக்குள் நண்டு ஏலம் விட்டிருக்கிறேன், பங்குச் சாமியார் குரலில் ஃபோன் பண்ணிக் கோயில்பிள்ளையை மணியடிக்க வைத்திருக்கிறேன், தலைமையாசிரியை குரலில் ஒரு வகுப்பையே மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் மீன் விஷயம் என் கை வேலை இல்லை. இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். கேட்கிற ஆளின் குரலிலேயே சொல்கிற பழக்கம் இருந்ததால் ஒருத்தரும் நம்பவில்லை. "நீதானட்டி செய்யுத?" என்று வலை பின்னுகிற மாமா கேட்டால், "நான் இல்லவே இல்ல மாப்ள" என்று அவர் தொண்டைக் கரகரப்போடு எனக்குப் பதில் வந்துவிடும், அவர் துடுப்பை எடுத்துக்கொண்டு துரத்துவார்.

பெண்கள் ஆண்களிடம் மல்லுக்கு நிற்கவில்லை. அவர்கள் சட்டியோடு பேசிப் பார்த்தார்கள். எண்ணெய் நிறைய இருந்தால் குரல் கணீரென்று வந்தது, தோசைக்கல்லில் ஒரு கரண்டி மட்டும் தேய்த்துச் சுட்டால் கிசுகிசுப்பாக வந்தது, எண்ணெயே இல்லாவிட்டால் மீன் வாயைத் திறக்கவில்லை. இது தெரிந்த பிறகு, குளிக்கும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் காதுக்குள் புருஷன் கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது என்று அலுத்துப்போன பெண்கள், ஒவ்வொருத்தியாக எண்ணெய்ப் போத்தலை மேல் பலகையில் ஏற்றினார்கள். எமரன்சி சித்தி மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் அம்மியில் நசுக்கி, மீனில் அப்பி, வாழையிலையில் பொட்டலமாக மடித்து இட்லிப் பானையில் அவித்தாள். அவளைப் பார்த்து எதிர் வீட்டுக்காரி அதே பொட்டலத்தை வெறும் தோசைக்கல்லில் வைத்து, இலை கருகக் கருகத் திருப்பிப் போட்டு, மீன் அதன் தண்ணீரிலேயே வெந்துவிட்டது என்று தெருவைக் கூட்டிக் காட்டினாள். சாளை மீனை மாங்காயும் தேங்காயும் போட்டு அவியலாக வைத்தார்கள், விளமீனுக்குத் தேங்காய்ப்பாலைத் தண்ணியாகப் பிழிந்து சொதி வைத்தார்கள், புளிக்குழம்பைத் தாளிக்காமல் மண்சட்டியில் கொதிக்கவிட்டுக் கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டு மூடினார்கள், சுறாவை அவித்து உதிர்த்துப் புட்டாக்கினார்கள், ஊளி மீனைக் கொட்டாங்கச்சிக் கனலில் கம்பி வலை மேல் வாட்டினார்கள். எல்லாம் ஊமையாக வெந்தது. சாயங்காலங்களில் தெருவே இலை கருகுகிற வாசனையும் பச்சை மிளகு வாசனையுமாக இருந்தது.

எண்ணெயை மந்திரிக்கச் சொல்லிச் சாமியாரிடம் போனார்கள். அவருக்குச் சமைக்கிற அம்மாளையும் அவர் துண்டு ஏற்கெனவே கூப்பிட்டு முடித்திருந்தது. இது பற்றித் திருச்சபை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அதுவரைக்கும் அவியல் சாப்பிடுவதில் பாவம் இல்லை என்று அவர் சொன்னதாகக் கேள்வி. பிரஷர் பார்க்க வருகிற நர்ஸம்மா, எண்ணெயைக் குறையுங்கள் என்று எத்தனையோ வருஷமாக நான் தொண்டை கிழியச் சொன்னது ஒருத்தி காதிலும் ஏறவில்லை, இப்போது யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று ஆச்சரியப்பட்டார். மீன் சொல்லிச்சு என்றார்கள். சரி, யாரோ சொன்னால் சரி என்று அவரும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகவே போயிருக்கும், செலஸ்டின் சித்தப்பா மட்டும் அவித்த மீனைத் தொட்டிருந்தால்.

அவர் தொடமாட்டேன் என்றார், அவருக்கு மட்டும் தனியாகப் பொரித்தாக வேண்டும் என்றார், சித்தியும் பொரித்தாள். நாளாக ஆக அவர் துண்டு கூப்பிடுகிற சத்தம் தூரம் போனது. முதலில் அடுப்பு மேடைக்குப் பக்கத்திலிருந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது, பிறகு வாசலிலிருந்து, பிறகு தெருமுனையில் சிலுவை நட்ட குருசடியிலிருந்து, பிறகு கடற்கரையிலிருந்து காற்றுக்கு எதிராகக் கூப்பிடுகிற மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை துண்டு எண்ணெயில் இறங்கி, சிவந்து, முறுகி, ஒன்றுமே சொல்லாமல் வெளியே வந்தது. அப்பாடா, தொல்லை விட்டது என்று சித்தி சந்தோஷமாகப் பரிமாறினாள். அன்று வெயில் தாழும் முன்னே அவர் ஐஸ் கம்பெனி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு குழாயடியில் சித்தி, அன்றைக்குத் துண்டு வாய் திறக்காததை என் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மாவிடம் மட்டும் சொன்னது மறுநாளைக்குள் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. ஆண்கள், பாவம், சுமை தூக்கித் தூக்கி இருதயம் விட்டுப்போச்சு என்றார்கள்.

இதைக் கேட்ட அன்றைக்கு அம்மா வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்தாள். ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு குரல் தூரம் போய்க்கொண்டிருந்தது.

என் அப்பாவுக்குப் போன தவக்காலத்தில்தான் டவுன் ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். பொரித்தது, வறுத்தது, உப்புப் போட்டது எதுவும் கூடாது, மீன் நல்லதுதான், ஆனால் அவித்தோ குழம்பிலோ மட்டும் என்று டாக்டர் படம் வரைந்து சொன்னார். அப்பா தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வேகவைத்த மீனைத் தின்கிறதுக்கு நான் என்ன கடலுக்குள்ளயா குடியிருக்கேன் என்றார். டிரைவர் வேலை, சுக்கான் பிடித்த கை, எதையும் தன் பக்கம் திருப்பிப் பழகிவிட்டார். அம்மா இலைப் பொட்டலம் வைத்தால் ஆஸ்பத்திரி மீன் என்பார். சொதி வைத்தால், குழந்தைக்குப் பால்சோறா என்பார். எல்லாத்துக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு நாள் பொரிக்கச் சொல்லி உட்காருவார், அம்மா அழுதுகொண்டே பொரிப்பாள், சட்டிக்குள்ளிருந்து "செசிலீ" என்று அவர் குரல் கடலுக்குள் கல் கொட்டிய துறைமுகத் தூண்டில் வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து வரும்.

அம்மா அந்த வாரத்தோடு பொரிப்பதை நிறுத்தினாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். துறைமுக வாசலில் மீன் பொரித்து விற்கிற கடையில் போய் உட்கார்ந்தார். அங்கே யாருக்கென்று சொல்லிப் போடுகிற வழக்கம் இல்லை, மொத்தமாகக் கொட்டி மொத்தமாக அள்ளுவார்கள், அந்த மீனுக்குக் கூப்பிட ஆள் தெரியாது. அவர் சட்டையில் மசாலா வாசனை வந்தது. வீட்டு மூன்று படி ஏறுவதற்குள் நடுப்படியில் நின்று கடலைப் பார்க்கிற மாதிரி மூச்சு வாங்கினார். ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் போய்க் காட்டிட்டு வருவோம் என்று அம்மா காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள், நான் சாமியார் குரலில் கேட்டேன், டாக்டர் குரலில் கேட்டேன், கடைசியில் என் குரலிலேயே கேட்டேன்.

"ஏட்டி, உங்கம்மாவும் நீயும் சேர்ந்து என்னைப் பயங்காட்டுதிய. சட்டிக்குள்ள கூப்பிடுதது நீ. தூரமா கூப்பிடுத மாதிரி வாயைப் பொத்திக்கிட்டுக் கூப்பிடுதது நீ. அது என் குரலே இல்ல."

"அப்பா, நான் சத்தியமா..."

"அப்ப ஒரு கை பார்ப்போமா?"

அவர் சொன்னது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லார் முன்னாலும் நான் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார வேண்டும். அம்மா அவருக்கென்று சொல்லி ஒரு துண்டைப் போட வேண்டும். என் வாயில் தண்ணீர் இருக்கும்போதே மீன் கூப்பிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வருவார், செத்தாலும் எண்ணெய் மீனைத் தொடமாட்டார். கூப்பிடாவிட்டால் இனிமேல் இந்த வீட்டில் தினமும் பொரிக்க வேண்டும், ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது.

அம்மா உடனே சரி என்றாள். அவள் கணக்கு நேரானது. நான் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும், தூரத்திலிருந்தாவது அந்தக் குரல் வரும், வந்தால் இவர் கிளம்பிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தெருவே நின்றது. ஆண்கள் முன்னால், பெண்கள் அடுப்படி ஜன்னலுக்கு வெளியே, எமரன்சி சித்தி கறுப்புச் சேலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அப்பா பூசைச் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்தார். காற்று அடித்துக்கொண்டிருந்தும் அவர் நெற்றியில் வேர்வை நின்றது. எனக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார்கள். கன்னம் இரண்டும் பலூன் மாதிரி ஆகும்வரை வாயில் ஊற்றிக்கொண்டேன். வலை பின்னுகிற மாமா வந்து என் கன்னத்தை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்து, "டேங்க் ஃபுல்" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், சிரித்தால் எல்லாம் கெட்டுவிடும்.

அம்மா நடுத்துண்டை எடுத்து, "இது ரெமிலா அப்பாவுக்கு" என்று போட்டாள்.

எண்ணெய் சீறியது. நான் காதைக் கொடுத்தேன். வாயைத் திறக்க முடியாதபோது காது எவ்வளவு பெரிதாகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எண்ணெய்க்கு அந்தப் பக்கம், தெருவுக்கு அந்தப் பக்கம், தூண்டில் வளைவுக்கு அந்தப் பக்கம், படகுகள் புள்ளியாகிற இடம் வரைக்கும் தேடினேன். ஒன்றும் இல்லை. அம்மா துண்டைத் திருப்பிப் போட்டாள். கரண்டி சட்டி விளிம்பில் தட்டிய சத்தம் மட்டும் கேட்டது. துண்டு சிவந்தது, ஓரம் முறுகியது, எண்ணெய் அடங்கியது.

ஆண்கள் கை தட்டினார்கள். பிள்ளை வாய் அடைச்சதும் மீன் வாயும் அடைச்சிட்டு பாருங்க என்று ஒருத்தர் சொன்னார். அப்பா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார், சிரிப்பு பாதியில் இருமலாகி நின்றது, தட்டுக்காகக் கையை நீட்டினார். ஜன்னலில் எமரன்சி சித்தி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் தண்ணீரைத் துப்பிவிட்டுக் கத்தலாம். கத்தினால் யார் குரலில் கத்துகிறேன் என்றுதான் பார்ப்பார்கள். ஒருத்தரும் நம்பப்போவதில்லை. வாயை மூடியபடி அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா தட்டைக் கொடுக்கவில்லை.

"பொறுங்க. பிள்ளைக்கும் ஒரு துண்டு போட்டுருதேன்."

அவள் வால் துண்டை எடுத்தாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இது ரெமிலாவுக்கு" என்று விட்டாள்.

எண்ணெயில் பட்டதும் ஒரு பெண்பிள்ளை "அம்மா" என்றாள், கூரை ஓடு அதிர்கிற மாதிரி, காது பக்கத்தில், கொஞ்சம் திமிராக. யாரது என்று நான் ஜன்னலைப் பார்த்தேன். எனக்கு அந்தக் குரலைத் தெரியவில்லை. எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் வாங்கிக்கொள்கிற எனக்கு அதை மட்டும் எங்கேயும் கேட்டதாக நினைவில்லை. "அம்மா, ஏம்மா, யம்மோவ்" என்று அது பசித்தவள் மாதிரி விடாமல் கூப்பிட்டது. ஆண்கள் எல்லாரும் என் உப்பிய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தட்டியவர் கையைச் சேர்த்து வைத்தபடியே நின்றார். அப்பா சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சட்டியைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து கேட்கிற குரல், அவருக்குத் தப்புமா?

அவர் முகத்தில் சிரிப்பு வடிந்து போனதை நான் பார்த்தேன்.

"செசிலி," என்றார் மெதுவாக, "அப்ப என் சத்தம் எங்கட்டி?"

அம்மா கேஸை அணைத்தாள். எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் இருந்துச்சு என்று ஜன்னலிலிருந்து சித்திதான் சொன்னாள். நான் தண்ணீரை அப்படியே விழுங்கிவிட்டு ஆட்டோவுக்கு ஓடினேன்.

டவுன் போகிற வழி முழுக்க அப்பா நெஞ்சில் கை வைத்திருந்தார், அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பேசுங்க, பேசிட்டே வாங்க என்றாள். என்ன பேச என்று கேட்டார். என்னமும் பேசுங்க, என்னைத் திட்டுங்க என்றாள். அப்படியே அவர் அவித்த மீனைத் திட்டினார், சொதியைத் திட்டினார், வாழையிலையைத் திட்டினார், டாக்டர் வரைந்த படத்தைத் திட்டினார், உப்பளம் தாண்டும்போது சத்தம் தேய்ந்து உதடு மட்டும் அசைந்தது. நான் முன் சீட்டிலிருந்து திரும்பி அவர் குரலை எடுத்து அவர் திட்ட வேண்டிய மிச்சத்தைத் திட்டினேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் அப்பா சிரிப்பதற்கு முன்னால் அவருடைய இடது பக்க மீசை கொஞ்சம் ஏறும். ஏறியது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது.

இன்னொரு இடத்திலும் அடைத்திருந்தது. திறந்துவிட்டார்கள்.

மாதா தெருவில் இப்போதும் எண்ணெயில் போட்டால் மீன் கூப்பிடுகிறது. கோயில் பெருநாளைக்கு மட்டும் ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு போடுகிறார்கள், ஆண்களே அடுப்படி வாசலில் வந்து நின்று, பக்கத்து வீட்டுக்காரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, லே, என் சத்தம் கிட்டக் கேக்கா தூரக் கேக்கா, பார்த்துச் சொல்லுலே என்று கேட்டு, கிட்டத்தான் இருக்கு மாப்ள என்று பதில் வந்த பிறகுதான் சாப்பிட உட்காருகிறார்கள். மற்ற நாளெல்லாம் இலையும் சொதியும் அவியலும்தான். துறைமுகக் கடைக்காரரும் கனல் அடுப்புக்கு மாறிவிட்டார்.

எங்கள் வீட்டில் பெருநாளைக்கும் எண்ணெய் இல்லை. அப்பா வாசலுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, காலையில் ஆரம்பித்து மீன் வேகும்வரை முணுமுணுக்கிறார். நேற்று அம்மா சாளைக்கு முருங்கைக்கீரை போட்டு, புளியை மட்டாகக் கரைத்து, சட்டியை மூடிவைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். ருசி பார்க்க அவள் இலையில் கொடுத்துவிட்ட ஒரு சொட்டை அப்பா அங்கே நாக்கில் வைத்துப் பார்த்திருப்பார் போல.

"செசிலீ, இதுல உப்புப் போட்டியா, இல்ல கடலைக் காட்டிட்டுக் கொண்டுவந்தியா?"

அம்மாவுக்கு நன்றாகக் கேட்டது. எனக்கே கேட்டது. அவள் அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டு பதில் சொல்லாமல் நின்றாள், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.